தைராய்டு மாத்திரையும் நம்ம உடம்புத் தெம்பும்

(மாப்பிள்ளையூரணியில் நடந்த குழு உறுப்பினர்கள் கூட்டத்தில், கூட்டமைப்பின் சுகாதாரக் குழு சார்பில் பேசிய உரை)



சேமிப்பு, சந்தா, உள்கடன், வங்கித் தவணை என்று நாம் எத்தனையோ கணக்குப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு உடம்புக் கணக்குப் பேசப் போகிறோம். பணத்தில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதுகிற நாம், உடம்பில் தெம்பு எவ்வளவு இருக்கு, எவ்வளவு செலவழிக்கிறோம் என்று ஒரு நாளாவது பார்த்தது உண்டா? தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "மாத்திரை சாப்பிடுறேன், ஆனா சடவு போகல." இன்னொரு அக்கா, "டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தா மறுநாள் எந்திரிக்கவே முடியல" என்பாங்க. வேறொருத்தர், "நல்லாத்தான் இருக்கேன், இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்தியிருப்பாங்க. இந்த மூன்று பேச்சுக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறோம்.

தைராய்டு என்ன வேலை செய்கிறது?

நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சின்ன சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது சுரக்கிற தைராக்சின், ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். இதயம் எந்த வேகத்தில் துடிக்கணும், சாப்பிட்டது எந்த வேகத்தில் சக்தியாக மாறணும், தசை எப்படி இயங்கணும் என்பதை எல்லாம் அது பார்த்துக்கொள்கிறது.

அது குறைவாகச் சுரந்தால் உடம்பே மந்தமாகிவிடும். சடவு, தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், குரல் கரகரப்பு, கை கால் குடைச்சல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, ஊருக்கெல்லாம் வேர்க்கும்போது நமக்கு மட்டும் குளிர் - இப்படிப் பல வகையில் காட்டும். இந்தியாவில் 8 பெருநகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்கு இந்தக் குறை இருந்தது. ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் இது அதிகம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒன்று எழுதியிருக்கும். அது என்னவென்று நம்ம உப்பள வேலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு ஒழுங்காக வேலை செய்தால் கங்காணி சத்தம் போட மாட்டார். வேலை மந்தமானால் சத்தம் கூடும். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். அதனால்தான் தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். கூடுகிறது. மாத்திரை சரியான அளவில் போனால் சத்தம் அடங்கும். மாத்திரை அளவுக்கு மிஞ்சினால் டி.எஸ்.எச். ரொம்பவும் கீழே போய்விடும். கூடினாலும் தப்பு, ரொம்பக் குறைந்தாலும் தப்பு.

மாத்திரை இன்றைய கூலி இல்லை, சேமிப்பு

இங்கேதான் பல பேருக்குக் குழப்பம். காப்பி குடித்தால் உடனே சுறுசுறுப்பு வருகிற மாதிரி, மாத்திரை போட்டதும் தெம்பு வரும் என்று நினைக்கிறோம். தைராக்சின் அப்படி வேலை செய்யாது. இன்றைக்குப் போட்ட மாத்திரையில் ஏறக்குறைய பாதி ஒரு வாரம் கழிந்தும் உடம்பில் இருக்கும். தினம் தினம் போடப் போட, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆறு வாரம் ஆன பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். குழுச் சேமிப்பு மாதிரிதான் இது. அதனால்தான் அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். நாளைக்கு உப்பு வாருகிற வேலை இருக்கிறது, தெம்பு வேணும் என்று இரண்டு மாத்திரை போட்டால் நாளைக்குத் தெம்பு வராது. அதேபோல, இரண்டு நாள் நிறுத்தியும் "ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றினால், அது பழைய சேமிப்பு பேசுகிறது. அது தீர்ந்ததும் சடவு திரும்ப வரும்.

இந்த மருத்துவம் எப்படி வந்தது என்று ஒரு செய்தி சொல்லுகிறோம். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், தைராய்டு குறைந்து முகம் வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறி எழுந்தார். பிறகு அதே சாற்றை வாய் வழியாகத் தொடர்ந்து எடுத்து, 28 வருஷம் வாழ்ந்து, 1919-ல் தன் 74-ஆம் வயதில்தான் இறந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டதாம். இன்றைக்கு அதே வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. அந்த அம்மா நல்லாகிவிட்டோம் என்று நிறுத்தவில்லை. தொடர்ந்து எடுத்ததால்தான் நல்லா இருந்தார்.

மாத்திரையைச் சரியாகப் போடுவது எப்படி?

நடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். மாத்திரை உடம்பில் சேராவிட்டால் எவ்வளவு நடந்தாலும் சடவுதான் மிஞ்சும்.

1. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பி, டீ, சாப்பாடு வேண்டாம். "விடியுமுன்னே அளத்துக்குப் போகணும், எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். ராத்திரி படுக்கும்போதே மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் மூடி வையுங்கள். கண் விழித்ததும் போட்டுவிட்டு வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் அரை மணி ஓடிவிடும்.

2. காலையில் முடியவே முடியாதவர்கள், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

3. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சேராது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நர்ஸம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது எளிது. தைராய்டு மாத்திரையை ராத்திரி போடுகிறவர்கள் இரும்பு மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். சோயா, மீல் மேக்கர் சாப்பிடுவதும் மாத்திரை நேரத்தை ஒட்டி வேண்டாம்.

4. வெயிலும் ஈரமும் மாத்திரையைக் கெடுக்கும். அடுப்பு மேட்டிலோ, அளத்துக்குக் கொண்டு போகிற சோத்துப் பையிலோ வைக்காதீர்கள்.

5. காலையில் மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

6. மதினி மாத்திரையை நாம் வாங்கிப் போடுவது, நம் மாத்திரையை சித்திக்குக் கொடுப்பது கூடவே கூடாது. ஒருத்தருக்கு 25 மைக்ரோகிராம், இன்னொருத்தருக்கு 100 மைக்ரோகிராம். ரத்தம் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும்.

வேலை பார்ப்பதே உடற்பயிற்சிதானே?

இது நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்குகிற பயிற்சியும் செய்ய வேண்டும். வேலையில் உடம்பு அசைவதும் இந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள், அம்பாரத்துக்குச் சுமக்கிறவர்கள், மீன் கூடை தூக்கித் தெருத் தெருவாகப் போகிறவர்கள் வேலை நாளில் தனியாக ஒரு மணி நேரம் நடக்க வேண்டியதில்லை. அவர்கள் உடம்பு ஏற்கெனவே செலவழித்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது, வேலை முடிந்து ஐந்து பத்து நிமிடம் தோள், இடுப்பு, கெண்டைக்கால் நரம்பை நீட்டி மடக்கி விடுவதும், போதிய ஓய்வும், தூக்கமும்தான். மழைக்காலத்தில் அளம் நின்று, இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருக்கும்போது உடம்பு அசையாமல் போகும். அப்போதுதான் நடை வேண்டும்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள், கடையில் இருப்பவர்கள், வீட்டோடு இருப்பவர்கள் ஆகியோருக்கு நடை வருஷம் பூராவும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று சொல்ல முடியாது. அவரவர் வேலையைப் பார்த்துத்தான் பயிற்சி.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது

தைராய்டு குறைந்திருக்கும்போது தசையும் மந்தம், இதயமும் மந்தம். மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிற வேலை நமக்கு மலையாகத் தெரியும். அது சோம்பேறித்தனம் இல்லை. மாத்திரை ஆரம்பித்து டி.எஸ்.எச். சரியான பிறகும் தசை பழைய நிலைக்கு வர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று நாள் படுக்க வேண்டி வரும். பிறகு "நடை நமக்கு ஒத்துக்காது" என்று விட்டுவிடுவோம்.

அந்தக் காலத்தில் நம் கடலில் முத்துக் குளித்தவர்கள் ஒரு முங்கு போட்டு மேலே வந்தால், மூச்சு வாங்கி, இளைப்பாறித்தான் அடுத்த முங்கு போடுவார்கள். நம் உடம்புக்கும் அதே முறைதான். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

முதல் இரண்டு வாரம், வெயில் தாழ்ந்த பிறகு, சமதரையில் தினம் 10 நிமிடம் மட்டும் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

மறுநாள் காலை உடம்பைக் கேளுங்கள். வழக்கம் போல எழுந்து வேலை பார்க்க முடிந்தால் நேற்றைய அளவு சரி. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். இதை "மறுநாள் கணக்கு" என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாள் கணக்கு சரியாக இருந்தால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். இப்படியே போனால் ஆறாவது வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். அரை மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆச்சு. ஒரே மூச்சாக அரை மணி முடியாவிட்டால் காலை 15, மாலை 15 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கையை ஊன்றிப் பத்து முறை தள்ளுங்கள். இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம்.

நெஞ்சு வலி, படபடவென்று துடிப்பு, தலைசுற்றல், உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சு வாங்கல் வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மெலிவதற்கு மாத்திரை இல்லை

"மாத்திரையைக் கூட்டினால் உடம்பு குறையுமாமே" என்று ஒரு பேச்சு நடக்கிறது. தைராய்டு குறைவால் கூடுகிற எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதிலும் பெரும் பகுதி உடம்பில் தங்குகிற உப்பும் நீரும். சரியான அளவு மாத்திரையில் அது இறங்கும். அதற்கு மேல் உள்ள எடைக்குச் சாப்பாடும் நடையும்தான் வழி.

அளவுக்கு மிஞ்சி மாத்திரை போட்டால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். அந்த உடம்போடு வெயிலில் வேலை பார்ப்பதோ வேகமாக நடப்பதோ ஆபத்து. ஆகவே மாத்திரையின் அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். நடையின் அளவை நம் உடம்பைக் கேட்டு நாம் முடிவு செய்வோம். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எல்லாம் சரி, இன்னும் சடவு இருக்கே?

டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, மாத்திரையும் ஒழுங்கு, ஆனாலும் சடவு என்றால் வேறு காரணம் தேட வேண்டும். முதலில் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தைராய்டு குறைந்து ரத்தப்போக்கு அதிகமானவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். பிறகு சர்க்கரை, பி12 குறைவு, தூக்கக் குறைவு, மனக்கவலை. நாலு மணி நேரம் தூங்கி எழுகிறவருக்கு எந்த மாத்திரையும் தெம்பு தராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். முருங்கைக்கீரை, கேப்பை, பயறு, முட்டை, சாளை, நெத்திலி எல்லாம் நமக்குக் கைக்கெட்டுகிற சத்துத்தான்.

கர்ப்பமாக இருப்பது தெரிந்த உடனே நர்ஸம்மாவிடம் "நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். நிறுத்தவே கூடாது. அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சி அதை நம்பியிருக்கிறது.

உப்பு விளைகிற ஊரில் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைராய்டு சுரக்க அயோடின் வேண்டும். கடல் உப்பில் அது இயல்பாகப் போதிய அளவு இருக்காது, சேர்க்கத்தான் வேண்டும். அதற்காகவே 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006-ல் நாடு முழுவதும் மறுபடி தடையும் வந்தது. அளத்திலிருந்து அப்படியே அள்ளி வருகிற கல்லுப்பைச் சமையலுக்குப் போடாதீர்கள். அதே சமயம், அயோடின் உப்பு சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். நம்மில் பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால்தான் இந்தக் குறை வருகிறது. அது உப்பால் தீராது.

குழு என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை, தவணை தவறுகிறது என்றால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? வீட்டில் "சோம்பேறி" என்பார்கள், குழுவிலும் அதையே சொன்னால் அவர் எங்கே போவார்? கடன் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, ஒரு மாத்திரையில் தேறக்கூடிய பெண்ணை நாம் கோபத்தில் இழந்துவிடக் கூடாது.

ஆகவே மூன்று வேலைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, குழுவில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள். அளவு நிலையானவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பரிசோதனை அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

இரண்டு, பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசில்லாமல் நிறுத்துகிற நிலை வந்தால், உள்கடனில் மருத்துவச் செலவுக்கு முதலிடம் கொடுங்கள்.

மூன்று, மாலையில் சேர்ந்து நடங்கள். தனியாக நடந்தால் நாலு பேர் கேலி பேசுவார்கள், பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் வழி விடுவார்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் வீட்டில் தண்ணீர் பிடிக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அதுவும் குடும்பத்துக்கான வேலைதான்.

சகோதரிகளே, சேமிப்பு ஒரே நாளில் வளரவில்லை. வாராவாரம் பத்தும் இருபதுமாகப் போட்டுத்தான் வளர்த்தோம். உடம்புத் தெம்பும் அப்படித்தான் திரும்பி வரும். தினமும் ஒரு மாத்திரை, அளவான நடை, போதிய ஓய்வு, காலத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இதை நாளைக் காலையிலிருந்தே ஆரம்பிப்போம்.